ஒன்பதே கால் மைல்

ஈப்போ,
12 ஜனவரி 1928

சுங்கை லாடா தோட்டத்தில் குடியிருக்கும் தங்கச்சி இருளாயிக்கு, அண்ணன் சீனி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நலம். உன் மதினி மங்களத்துக்கு மட்டும் பல்வலி. வாய் வீங்கிக் கிடப்பதால் வீடு இரண்டு நாளாக அமைதியாக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை பத்துமலையும் எப்படி இருக்கிறீர்கள்?

கார்த்திகையில் நீ எழுதியது மார்கழி பிறந்துதான் கைக்கு வந்தது. நாலு தரம் படித்தேன். தபால் பை தூக்கும் மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை விடிய உலு மெந்தாவுக்குப் புறப்பட்டால், பையோடு சனிக்கிழமை பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறார் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமாகிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் வாரத்தில் ஐந்து நாள் அந்தக் காட்டில் தனியாகக் கிடக்கிறாய். உன்னை நாலாவது வரைக்கும் படிக்க வைத்தது சுவரோடு பேசவா?

மனசு கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். நான் சர்வே ஆபீசில் நிலப்படம் பிரதி எடுக்கிறவன் அல்லவா? வட பேராக் படம் போன வாரம் என் மேசைக்கு வந்தது. தொரை சாப்பிடப் போன நேரம் பார்த்து, உலு மெந்தாவுக்கும் சுங்கை லாடாவுக்கும் நடுவில் அடிக்கோலை வைத்து அளந்தேன். எவ்வளவு என்று நினைக்கிறாய்? ஆகாய வழியில் ஒன்பதே கால் மைல்! ஆகாயக் கப்பலில் போனால் எட்டு நிமிஷம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரி, மாப்பிள்ளைக்குச் சிறகு இல்லை. ஆனால் கால் இருக்கிறதே? நான் ஈப்போவிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளியிருக்கிற சிம்பாங் பூலாய்க்கு நடந்து போய், அன்றைக்கே திரும்பி வந்திருக்கிறேன். இந்தத் தூரத்துக்கு ஐந்து நாளா?

ஆபீஸ் படத்தின் அளவை வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். உன்னோடு இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

உன் அண்ணன்,
சீனி

---

சுங்கை லாடா,
29 ஜனவரி 1928

அன்புள்ள அண்ணாவுக்கு இருளாயி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். மதினியின் பல்லுக்குக் கிராம்பு வைத்தீர்களா, இல்லை வலி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா?

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? அவரேதான்! மெழுகுத் துணியில் சுற்றி, பால் டின்னில் போட்டு, மார்போடு கட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து, "மச்சான் என்ன எழுதியிருக்காரு, படி"ன்னு சொன்னார். நான் என்னத்தைப் படிப்பேன்? "மாப்பிள்ளை உடம்பைப் பாத்துக்கச் சொல்லு, நல்லாச் சாப்பிடச் சொல்லுன்னு எழுதியிருக்கார்" என்று சொந்தமாகச் சேர்த்து விட்டேன்! முகமெல்லாம் பல்லாகப் போய்விட்டது. உங்களுக்குக் கொம்புத் தேன் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

தூரத்தைப் பற்றிக் கேட்டேன். "அங்கிட்டு கிட்டத்தான் இருக்கு, நீ ஏன் கவலப்படுற"ன்னு சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். அவர் வாயிலிருந்து ஒரு பேச்சை வாங்குவதற்குள் உலை கொதித்துவிடும். ஆனால் சுத்தமான மனுஷர் அண்ணா. போகும்போது அழுக்குச் சட்டையோடு போகிறவர், வரும்போது துவைத்த சட்டையோடு வருகிறார். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

நீங்கள் வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

தங்கை,
இருளாயி

---

ஈப்போ,
10 பிப்ரவரி 1928

தங்கச்சி இருளாயிக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா என்று சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

அட பைத்தியமே, துவைத்த சட்டை என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய்! காட்டில் நடக்கிற ஆம்பிளைக்குச் சட்டையை யார் துவைத்துக் கொடுக்கிறார்கள்? மரத்திலிருந்து குதித்துக் குரங்கா துவைக்கிறது? மங்களத்திடம் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தாள். வீக்கம் இறங்கி நாலு நாளாகிறது, அப்படியும் பேசவில்லை.

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே, நேர்கோட்டுக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில் சயாம்காரர் குடியிருப்பு ஒன்று போட்டிருக்கிறது. ஏழெட்டு வீடு இருக்கும். சட்டை அங்கேதான் வெளுக்கிறது என்று எனக்குப் படுகிறது. உன் புருஷன் அந்தப் பக்கம் ஏன் போக வேண்டும்? ஒன்பதே கால் மைல் வழியில் அந்த ஊர் இல்லவே இல்லை.

அவன் நல்லவனாகவே இருக்கட்டும். ஆனால் கேள். "எங்கே படுத்தீங்க, யார் சோறு போட்டாங்க"ன்னு நேராகக் கேள். பதில் சொல்லும்போது முகத்தைப் பார். சட்டையையும் மோந்து பார். அப்பா அம்மா இல்லாத உன்னை வளர்த்தவன் நான். எனக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு.

கோபித்துக்கொள்ளாமல் பதில் போடு.

சீனி

---

சுங்கை லாடா,
18 மார்ச் 1928

அண்ணாவுக்கு இருளாயி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நாலு சனிக்கிழமை எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் சொன்னபடி மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை இல்லை, வேர்வை வாசனையும் இல்லை. ஒரு வாசனையுமில்லாத சட்டையை வைத்து நான் என்ன முடிவு செய்வது? மூன்று வாரத்துக்கு முன்னால் எருமைக்கொம்பில் செய்த சீப்பு ஒன்று கொண்டுவந்து என் தலையில் செருகினார். சயாம்காரர் செய்கிற சீப்பு. "ஏது?"ன்னு கேட்டேன். "வழியில குடுத்தாங்க"ன்னு சொன்னார். யார் என்று கேட்க வாய் வரவில்லை. பக்கத்து லயத்து வீட்டுக் காளியம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. சீப்பு குடுக்கிற அளவுக்குப் பழக்கமா?"ன்னு சிரித்தாள்.

அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். அவர் தனியாகச் சாப்பிட்டார். அன்றிலிருந்து இப்படித்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தப்பு செய்தவர் என்பதால் கேட்கவில்லையா, செய்யாதவர் என்பதால் கேட்கவில்லையா?

அண்ணா, உங்கள் கடிதம் வராமலிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் வந்துவிட்டது. இப்போது செவ்வாய் வந்தால் நெஞ்சு எரிகிறது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன்.

மதினிக்கு என் அன்பு.

இருளாயி

---

ஈப்போ,
2 ஏப்ரல் 1928

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகம்.

உன் கடிதம் வந்தது. இனி நான் அந்தப் பேச்சை எடுக்கப் போவதில்லை. நீயும் அவனிடம் எதையும் கேட்க வேண்டாம். அழாதே, பட்டினி கிடக்காதே. கொஞ்ச நாள் பொறுத்திரு, எல்லாம் தானாகச் சரியாகும். ஏன் என்று கேட்காதே.

இங்கே நல்ல வெயில். ஆபீசில் வேலை அதிகம்.

சீனி

---

சுங்கை லாடா,
20 மே 1928

அண்ணாவுக்கு இருளாயி எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் கடிதம் அவ்வளவு சின்னதாக வந்ததைப் பார்த்து உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன்.

இங்கே ஒரு புதினம். உலு மெந்தா தபாலாபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி காசிவிஸ்வநாதன், மேலிடத்திலிருந்து வந்த உத்தரவை அவரிடம் படித்துக் காட்டியிருக்கிறார். ஜூன் மாதத்திலிருந்து போக ஒரு நாள், வர ஒரு நாள். அதற்கு மேல் எடுத்தால் சீட்டுக் கிழிந்துவிடும். கிராணி காதோடு சொன்னாராம்: "எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான் லா. நீ வழியில சுத்திக்கிட்டுத் திரியுறேன்னு எழுதியிருக்கான்."

இவர் என்னிடம் சொல்லிவிட்டு, பாராங் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். "முடியுமா?"ன்னு கேட்டேன். "பாப்போம்"ன்னு சொன்னார். ஏன் பொய் சொல்ல, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி புதன்கிழமையே வீட்டுக்கு வந்துவிடுவார், சயாம் ஊருக்குப் போக நேரமிருக்காது என்று மனசுக்குள் துள்ளினேன். அன்றைக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன்.

ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த உத்தரவில் என்ன எழுதியிருந்தது என்று அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். எழுத்து தெரியாதவருக்கு ஞாபகம் நன்றாக இருக்கும். "ஆகாய வழியில் ஒன்பதே கால் மைலே இருப்பதாகத் தெரிய வருவதால்" என்று ஆரம்பிக்கிறதாம்.

அண்ணா, இந்தக் காட்டில் யாரும் கால் மைல் கணக்குப் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கால் மைல் மொட்டைக் கடுதாசி போட்டவனுக்கு எப்படித் தெரிந்தது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இருளாயி

---

ஈப்போ,
5 ஜூன் 1928

அன்புத் தங்கச்சி இருளாயிக்கு அண்ணன் சீனி மனசு நிறைந்து எழுதுவது. நாங்கள் பரம சுகம். மங்களம் உனக்காக மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள்.

பார்த்தாயா, நான் சொன்னேனே, தானாகச் சரியாகும் என்று! இந்நேரம் மாப்பிள்ளை இரண்டு நாளில் வீடு வந்து சேர்ந்து, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படியானால் இத்தனை மாதமும் மூன்று நாளை எங்கே தொலைத்தார் என்று இனி நீயே கேட்டுக்கொள்ளலாம். நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உண்மை வெளியே வந்துவிட்டது, அது போதும்.

மற்றதெல்லாம் நேரில் பேசலாம். தீபாவளிக்கு இருவரும் கட்டாயம் வர வேண்டும். வடை சுடும்போது மாப்பிள்ளைக்கு ஒன்று அதிகமாகவே போடச் சொல்கிறேன். பழையதை மனசில் வைத்துக்கொள்கிறவன் நான் இல்லை.

சீனி

---

கோலாகங்சார் ஆஸ்பத்திரி,
9 ஜூலை 1928

அண்ணாவுக்கு.

உங்கள் ஜூன் ஐந்தாம் தேதிக் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல பால் டின்னில், மெழுகுத் துணியில், நனையாமல் அவர் மார்பில் இருந்தது. அவரைத்தான் ஐந்து நாள் கழித்துக் கண்டெடுத்தார்கள்.

முதல் வாரம் தூங்காமல் நடந்தும் மூன்று நாள் ஆகிவிட்டது. இன்னொரு தரம் பிந்தினால் வேலை இல்லை என்று கிராணி சொல்லிவிட்டார். அதனால் ஜூன் பதிமூன்றாம் தேதி பையை வாங்கியவர், உத்தரவில் எழுதியிருந்த அந்த நேர்கோட்டிலேயே வந்து பார்ப்போம் என்று மலைக்குக் குறுக்கே இறங்கியிருக்கிறார். அங்கே வழி கிடையாது அண்ணா. பாறை வெடிப்பும் அருவியும்தான் இருக்கிறது. வழுக்கி விழுந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்து, ஐந்து நாள் பாறையிடுக்கில் கிடந்தார். பிரம்பு வெட்ட வந்த மலாய்க்காரர்கள் குரல் கேட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் கால் கறுத்துவிட்டது. இருபத்தாறாம் தேதி எடுத்துவிட்டார்கள்.

சுங்கை லாடாவிலிருந்து உலு மெந்தா வரைக்கும், சரோங்கில் தொட்டில் கட்டி, அவர் வழக்கமாக நடக்கிற பாதையில்தான் தூக்கி வந்தார்கள். நானும் கூடவே நடந்தேன். மலையைச் சுற்றிச் சுற்றி இருபத்தெட்டு மைல் இருக்கும் என்றார்கள். ஒரே ஆற்றை மூன்று இடத்தில் கடக்க வேண்டும், அதில் இரண்டு இடத்தில் கழுத்தளவு தண்ணீர். மூன்றாவது துறையில் கரையேறி என் சேலையைப் பிழியும்போது, அதில் அழுக்கும் இல்லை, வாசனையும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டாவது துறையில்தான் உங்கள் சயாம் ஊர். மூங்கில் தெப்பம் தள்ளுகிற கிழவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில்தான் படுப்பாராம். வெள்ளம் இருந்தால் வடியும்வரை உட்கார்ந்திருப்பாராம். அந்த அம்மாள் என் தலையைப் பார்த்துச் சீப்பு எங்கே என்று சைகையில் கேட்டாள். நான் கோபத்தில் அதை அடுப்பில் போட்டிருந்தேன்.

"ஏன் இதையெல்லாம் எங்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். "சொன்னா நீ போக விடுவியா?"ன்னு கேட்டார்.

நேற்று உங்கள் கடிதம் எல்லாவற்றையும் முதலிலிருந்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவருக்குப் படித்துக் காட்டினேன்.  கேட்டுவிட்டுச் சொன்னார்: "மச்சான் ஒன் மேல உள்ள பாசத்துல செஞ்சிட்டாரு, விடு. எடுத்த காலு திரும்ப வராது. ஆனா உத்தரவு இன்னும் அப்படியே இருக்குல்ல? புதுசா வர்றவனுக்கு யாரு சொல்லுவா?"

என்னால் விட முடியவில்லை. எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனால் அவர் கேட்டதை எழுதுகிறேன். பிச்சைமுத்து என்பவரை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் பையைத் தூக்குகிறார். அவரிடம் சுற்றுப் பாதையில் போகச் சொல்லி ஆள் விட்டோம். "போனா அஞ்சு நாளு ஆவுமே, வேல போயிடுமே"ன்னு பதில் வந்தது. இவரைப் பார்க்க வந்த கிராணியிடம் கெஞ்சினேன். "மொட்டையா வந்தத மொட்டையா மறுக்க முடியாது லா. எழுதினவரே பேரைப் போட்டு, நான் அளந்தது ஆகாய வழி, நடக்கிற வழி இல்லைன்னு எழுதட்டும். அன்னைக்கே மாத்திடுவாங்க" என்கிறார்.

உங்கள் வேலை போகலாம். தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். இந்த மாதம் முடிவதற்குள் எழுதிவிடுங்கள்.

இருளாயி

---

ஈப்போ,
21 ஜூலை 1928

என் உயிருக்குயிரான தங்கச்சிக்கு அண்ணன் சீனி எழுதுவது. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மங்களம் என்னோடு பேசுவதில்லை. இந்தத் தடவை பல்வலி காரணமில்லை.

மாப்பிள்ளைக்கு மரக்கால் செய்து கொடுக்கிற சீனத் தச்சன் ஒருவன் இங்கே பசார் பக்கத்தில் இருக்கிறான். பேசிவிட்டேன். நல்ல ஜாதி மரத்தில் செய்யச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள். முன்னறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் பார்க்க ஒரு வேலை நான் வாங்கித் தருகிறேன். ஊறுகாய் ஜாடியும், உனக்கு இரண்டு சேலையும், அவருக்குக் கம்பளியும் ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஊறுகாயை வெயிலில் வைத்துச் சாப்பிடு.

படத்தில் மலை போட்டிருந்தது உண்மைதான். கோடு கோடாக இருக்கும். நான் தினமும் நூறு மலை வரைகிறவன். ஒன்றின் மேலும் ஏறிப் பார்த்ததில்லை. என்னை மன்னித்துவிடு அம்மா. மாப்பிள்ளை காலில், இருக்கிற அந்த ஒரு காலில், விழுந்து கேட்கிறேன்.

மற்ற விஷயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். புதுத் தொரை வர இருக்கிறார், அவர் குணம் தெரிந்த பிறகு பக்குவமாகப் பேசலாம். அதுவரை அந்தப் பிச்சைமுத்துவைப் பார்த்துப் போகச் சொல்.

உன் அண்ணன்,
சீனி

---

கோலாகங்சார் ஆஸ்பத்திரி,
14 ஆகஸ்ட் 1928

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை.

பிச்சைமுத்து ஜூலை முப்பத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை முதல் தடவையாகப் பையைத் தூக்கினார். மறுநாள் உலு மெந்தாவில் பையை வாங்கிக்கொண்டு, ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும் என்று மலைக்குக் குறுக்கே ஏறியதை அந்த ஊர் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். இன்றோடு பதினான்கு நாள். சுங்கை லாடாவுக்கு அவரும் வரவில்லை, பையும் வரவில்லை. பிரம்பு வெட்டுகிறவர்களும் இரண்டு தரம் தேடிவிட்டார்கள்.

அவருடைய தாயார் கருப்பம்மாள் நேற்று இங்கே வந்தார். அந்த வழி தெரிந்தவர் என்று இவரைத் தேடிக்கொண்டு மூன்று நாள் நடந்தும் லாரியிலும் வந்திருக்கிறார். இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்து, கீழே விழுந்துவிட்டார். இரண்டு பேருமாகத்தான் தூக்கிப் படுக்க வைத்தோம். தான் விழுந்த இடத்தை மட்டும் அடையாளம் சொன்னார். அங்கே பார்த்தாகிவிட்டது, அங்கே இல்லை என்று அந்த அம்மாள் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஒங்க அண்ணன் படம் போடுற ஆபீசுல இருக்காராமே. அந்த நேர்கோடு எந்தெந்தப் பக்கமாப் போவுதுன்னு அவருக்குத் தெரியுமாம்ல? எம்மவன எங்க தேடணும்னு ஒரு வார்த்த கேட்டு எழுதும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

மொட்டைக் கடுதாசி போட்டது யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த அம்மாள் வெளியே ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எழுத்து தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். இந்தத் தடவை எதையும் மாற்றிப் படிக்க மாட்டேன்.

அவருக்கு நீங்களே எழுதுங்கள். பேரைப் போட்டு எழுதுங்கள்.

இருளாயி